மறுசெயலாக்க ஆலையை மூடிய பிறகு: உள்ளே இருக்கும் கழிவை இப்போதே எடுப்பதா, ஆறவிடுவதா?

வேதிமாணவி

எல்லோருக்கும் வணக்கம். அணு எரிபொருள் மறுசெயலாக்கம் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். ஆலை எப்படி ஓடுகிறது என்பது ஓரளவு புரிந்துவிட்டது. பயன்படுத்திய எரிபொருளைத் துண்டு துண்டாக வெட்டி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானால் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். மிச்சம் எல்லாம் கழிவு.

புரியாதது, ஆலையை மூடிய பிறகு நடப்பது. ஜப்பானின் டோகாய் ஆலையைக் கலைக்க சுமார் 70 ஆண்டுகள், ஏறத்தாழ 1 லட்சம் கோடி யென் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த ஆலை எரிபொருளைக் கையாண்டதே 1977 முதல் 2007 வரைதான். உற்பத்தி நின்ற பிறகு இவ்வளவு காலம் எதற்கு? சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 ஆண்டு. பூட்டுப் போட்டுவிட்டு நூறு வருடம் காத்திருந்தால் வேலை சுலபமாகிவிடாதா?

கனல்

நல்ல கேள்வி. கதிரியக்கப் பாதுகாப்புத் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், பூட்டுப் போட முடியாது. ஏன் என்றால் உள்ளே இருப்பது திரவம். எரிபொருளில் இருந்த பிளவுப் பொருள்களில் (அணு பிளந்தபோது உண்டான சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவை) பெரும்பகுதி அமிலக் கரைசலாகத் தொட்டிகளில் நிற்கிறது. அது தானே சூடாகும், அதனால் குளிர்விப்புக் குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கதிர்வீச்சு தண்ணீர் மூலக்கூறைப் பிளந்து ஹைட்ரஜனை உண்டாக்கும், அதை வெளியேற்றத் தொட்டியின் மேற்பகுதியில் காற்று செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். திடப்பொருள் அடியில் படிந்து ஒரே இடத்தில் சூடேறாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தொட்டி ஒழுகினால் மாற்றுவதற்கு ஒரு காலித் தொட்டி தயாராக இருக்க வேண்டும். மின்சாரம், டீசல் ஜெனரேட்டர், இரவு ஷிப்ட் எதையும் நிறுத்த முடியாது. ஆலையை மூடினாலும் தொட்டிக்கு அது தெரியாது.

குளிர்விப்பு போனால் என்ன ஆகும் என்பதற்கு 1957 செப்டம்பர் 29 சாட்சி. சோவியத் யூனியனின் மாயக் வளாகத்தில் ஒரு கழிவுத் தொட்டியின் குளிர்விப்பு பழுதானது. தண்ணீர் ஆவியாகி, காய்ந்த நைட்ரேட், அசிடேட் உப்புகள் வெடித்தன. கான்கிரீட் மூடி தூக்கியெறியப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் காலி செய்யப்பட்டன.

அதனால் ஆலையை மூடியதும் முதல் வேலை கட்டடத்தை இடிப்பது இல்லை. திரவத்தைத் திடமாக்குவது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலன்களில் ஊற்றி ஆறவிடுவார்கள். கண்ணாடியான பிறகும் அது பயங்கரமான கதிர்வீச்சு மூலம்தான். ஆனால் ஒழுகாது, வெடிக்காது, இரவில் கரண்ட் போனால் பதற வேண்டியதில்லை.

டோகாயை மூடப் போவதாக 2014இல் அறிவித்தபோது அங்கே ஏறத்தாழ 400 கன மீட்டர் உயர்நிலைக் கழிவுத் திரவம், அதாவது கதிரியக்கம் மிக அதிகமான திரவம், பாக்கி இருந்தது. 70 ஆண்டு எதற்கு என்று கேட்டீர்களே, அந்தத் திரவத்திலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

நிதானம்

கனல் சொல்வதில் திரவம் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "காத்திருப்பது தவறு" என்று பொதுவாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 60 ஆண்டு விட்டால் சீசியம் கால் பங்காகிறது, 90 ஆண்டில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கட்டடத்துக்குள் போய் வேலை செய்யப்போகிற தொழிலாளியின் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு அந்த அளவுக்குக் குறையும். அது சின்ன விஷயமா? பிரிட்டனில் பழைய மேக்னாக்ஸ் அணு உலைகளைப் பல பத்தாண்டுகள் அப்படியே பராமரிப்பில் விட்டுப் பிறகு பிரிப்பது என்பதே நெடுநாள் கொள்கையாக இருந்தது. அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

இன்னொன்று. கண்ணாடியாக்கிய கலன்களைக் கொண்டுபோய் வைக்க ஆழ்நிலப் புதைகுழி தயாராக இல்லாதபோது, அவசர அவசரமாக எல்லாவற்றையும் வெட்டிப் பொதி கட்டி எங்கே அடுக்குவது?

கனல்

நிதானம், அணு உலைக்கு உங்கள் வாதம் பொருந்தும். அங்கே எஃகுக்குள் இருக்கும் கோபால்ட்-60 தான் பெரிய தொல்லை, அதன் அரை ஆயுள் 5.3 ஆண்டு. காத்திருந்தால் கைமேல் பலன். எரிபொருளை எடுத்த பிறகு உலையில் மிஞ்சும் கதிரியக்கத்தில் பெரும்பகுதி உலோகத்துக்கும் கான்கிரீட்டுக்கும் கிராபைட்டுக்கும் உள்ளேயே கட்டுண்டு கிடக்கும்.

மறுசெயலாக்க ஆலையில் நிலைமை வேறு. அங்கே எரிபொருளையே கரைத்திருக்கிறார்கள். குழாயின் உட்சுவரிலும், வால்வு இடுக்கிலும், செல் எனப்படும் தடித்த கான்கிரீட் அறையின் தரையிலும் புளூட்டோனியம் படிந்திருக்கும். புளூட்டோனியம்-239 அரை ஆயுள் 24,100 ஆண்டு, அதற்கு நூறு வருடம் ஒரு பொருட்டே இல்லை. அதைவிட முக்கியம் புளூட்டோனியம்-241. அரை ஆயுள் சுமார் 14 ஆண்டு, வெளியிடுவது பலவீனமான பீட்டா. அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அதற்கு அரை ஆயுள் 432 ஆண்டு. ஆல்பாவோடு 59.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவும் வரும். இரண்டு அரை ஆயுளையும் வைத்துக் கணக்குப் போட்டால், பிரித்தெடுத்த புளூட்டோனியத்தில் அமெரிசியம் உச்சத்துக்குப் போவது 70 ஆண்டு வாக்கில். அதாவது புளூட்டோனியத்தைக் கையாண்ட கையுறைப் பெட்டியை (கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டி) நீங்கள் ஆறவிட்டால் அது இன்னும் மோசமாகும்.

மாணவி கட்டுரையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். "காத்திருந்தால் குறையும்" என்பது எல்லா ஐசோடோப்புக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

வேதிமாணவி

இது எனக்குப் புதிய செய்தி, மிக்க நன்றி ஐயா. அப்படியானால் மூடிய கையோடு சுத்தம் செய்த ஆலை, தாமதித்த ஆலை என்று ஒப்பிட்டுப் பார்க்க உதாரணம் உண்டா?

கனல்

உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலி. அமெரிக்காவில் வணிக ரீதியாக ஓடிய ஒரே மறுசெயலாக்க ஆலை அதுதான். 1966இல் தொடங்கி 1972இல் விரிவாக்கத்துக்காக என்று நிறுத்தினார்கள், பிறகு திறக்கவே இல்லை. ஓடிய ஆறு ஆண்டில் கையாண்டது சுமார் 640 டன் எரிபொருள். மிஞ்சியது ஏறத்தாழ 23 லட்சம் லிட்டர் உயர்நிலைத் திரவக் கழிவு.

இங்கே ஒரு நுட்பம். ஸ்டெயின்லெஸ் தொட்டி விலை அதிகம் என்பதால் சாதாரணக் கார்பன் எஃகுத் தொட்டி கட்டினார்கள். அமிலம் அதை அரித்துவிடும், ஆகவே காஸ்டிக் சோடா ஊற்றிக் கழிவைக் காரமாக்கினார்கள். உடனே ஸ்ட்ரான்சியமும் கன உலோகங்களும் கசடாக அடியில் இறங்கிவிட்டன, சீசியம் மேலே தெளிந்த உப்புத் தண்ணீரில் நின்றது. ஒரே கழிவு இரண்டு கழிவாகி, கூடவே டன் கணக்கில் சோடியம் உப்பும் சேர்ந்தது. தொட்டியில் மிச்சம் பிடித்த காசு பின்னால் பல மடங்காகச் செலவானது.

எடுக்கும்போது என்ன செய்தார்கள் பாருங்கள். முதலில் மேல்தண்ணீரைச் சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரப்பிய குழாய்கள் வழியாக விட்டுச் சீசியத்தைப் பிடித்தார்கள். சீசியம் போன உப்புத் தண்ணீரைச் சிமென்ட்டோடு கலந்து 20,000 பீப்பாய்க்குச் சற்றுக் குறைவாக நிரப்பினார்கள். பிறகு அடிக் கசடைக் கழுவி, உப்பை நீக்கி, சீசியம் ஏறிய சியோலைட்டையும் அதோடு சேர்த்துக் கண்ணாடியாக உருக்கினார்கள். 1996இல் தொடங்கி 2002இல் முடிந்தது. 275 கலன்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் உயரம். 1972இல் நின்ற ஆலையில் திரவம் கெட்டியாக 30 ஆண்டு ஆகியிருக்கிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆலை 1990இல் மூடியது. அங்கே மிஞ்சியது 60 கன மீட்டரைச் சுற்றித்தான், அமிலமாகவே வைத்திருந்தார்கள். அதற்கும் கண்ணாடியாக்கம் தொடங்க 2009 ஆகிவிட்டது. தொடங்கிய பிறகு மளமளவென்று 2010 கடைசிக்குள் 140 கலன்களாக முடித்துவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் காஸ்டர் எனப்படும் தடித்த உலோகப் பெட்டகங்கள் ஐந்தில் ஏற்றி வடக்கே லுப்மின் இடைக்கால சேமிப்பகத்துக்கு அனுப்பியாயிற்று. வேலை ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு, அதற்காகக் காத்திருந்தது 19 ஆண்டு.

டோகாயில் இன்னொரு சிக்கல். பெல்லேடியம், ருத்தேனியம், ரோடியம் மாதிரியான பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் கண்ணாடியில் கரையாமல், உருக்கும் உலையின் அடியில் படியும். அந்த உலை கண்ணாடி வழியாக மின்சாரம் பாய்ச்சித்தான் அதை உருக்குகிறது. மின்சாரம் அந்தப் படிவு வழியாகவே பாய்ந்துவிடும், கண்ணாடி சரியாக உருகாது. உலையை நிறுத்தி, ஆறவைத்து, தூர இயக்கக் கைகளால் சுரண்டி எடுத்து, மறுபடி தொடங்க வேண்டும். அங்கே கண்ணாடியாக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தடைப்பட்டதற்கு இந்தப் படிவு ஒரு முக்கியக் காரணம்.

கணக்கர்

இதற்கெல்லாம் பணம் யார் கட்டினார்கள்? வெஸ்ட் வேலி தனியார் நிறுவனம்தானே?

கனல்

தனியார் நிறுவனம்தான். 1976இல் "இனி இந்தத் தொழிலில் இல்லை" என்று அறிவித்துவிட்டு, ஒப்பந்தத்தில் இருந்த உரிமைப்படி கழிவைப் பராமரிக்கும் பொறுப்பை நியூயார்க் மாநிலத்திடம் விட்டது. நிரந்தரப் பராமரிப்பு நிதி என்று ஒன்று சேர்த்து வைத்திருந்தார்கள், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில் 1980இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, செலவில் 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம் என்று பிரித்தது.

என்னைக் கேட்டால் ஆலைக்கு உரிமம் கொடுக்கும் நாளிலேயே திரவத்தைத் திடமாக்கும் ஏற்பாடும் அதற்கான பணமும் கையில் இருக்க வேண்டும். கண்ணாடியாக்கம் இல்லாத மறுசெயலாக்க ஆலை பாதி கட்டின ஆலை. பிரிட்டனின் செல்லாஃபீல்டு வளாகம் மறுசெயலாக்கத்தை 1950களிலேயே ஆரம்பித்தது, கண்ணாடியாக்கம் 1990 வாக்கில்தான் வந்தது.

ஊற்றுக்கண்

இத்தனை நேரம் தொட்டியையே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் நிலத்தடி நீர் ஆள், ஆகவே தொட்டிக்கு வெளியே பார்க்கிறேன்.

வெஸ்ட் வேலியில் 1960களின் பிற்பகுதியில் பிரதானக் கட்டடத்தில் ஒரு குழாய் ஒழுகி, அமிலம் கட்டடத்துக்கு அடியில் மண்ணுக்குள் இறங்கியது. அதில் இருந்த ஸ்ட்ரான்சியம்-90 நிலத்தடி நீரோடு வடகிழக்காக நகர ஆரம்பித்தது. ஆலை மூடப்பட்டு, கழிவு கண்ணாடியாகி முடிந்த பிறகும் அந்த நீர் நகர்ந்துகொண்டே இருந்தது. 2010இல் அதன் பாதையில் குறுக்காகப் பள்ளம் தோண்டி, சுமார் 260 மீட்டர் நீளத்துக்குச் சியோலைட் சுவர் வைத்தார்கள். தண்ணீர் ஊடுருவிப் போகும், ஸ்ட்ரான்சியம் சியோலைட்டில் மாட்டிக்கொள்ளும். நல்ல வேலை. ஆனால் அது வடிகட்டிதான், மூலத்தை அகற்றவில்லை. மூலம் கட்டடத்துக்கு அடியில். கட்டடத்தை இடிக்காமல் அதைத் தொட முடியாது, இடிப்பு தொடங்கியது 2022 செப்டம்பரில்.

பக்கத்திலேயே குறைநிலைக் கழிவுப் புதைகுழிகள். களிமண்ணில் வெட்டின நீளமான குழிகள். களிமண் தண்ணீர் விடாது என்று நம்பி வெட்டியது. தண்ணீர் வெளியே போகாது என்பது உண்மைதான். ஆனால் மழைநீர் மேல்மூடி வழியாக உள்ளே போனது, குழி தொட்டி மாதிரி நிரம்பி 1975இல் வழிந்தது. அதோடு புதைப்பதை நிறுத்தினார்கள்.

அங்கிருந்து ஓடும் தண்ணீர் பட்டர்மில்க் ஓடை வழியாகக் கேட்டராகஸ் ஓடையில் சேர்ந்து ஈரி ஏரிக்குப் போகிறது. வழியில் செனிகா பூர்வகுடி மக்களின் நிலம் இருக்கிறது. ஆலையால் அவர்களுக்கு ஒரு நன்மையும் கிடையாது, ஓடை மட்டும் அவர்கள் வழியாகப் போகிறது. இந்த விவாதத்தில் அவர்கள் பெயர் அடிபடாமல் போகக் கூடாது என்று நினைத்தேன்.

நிதானம்

ஊற்றுக்கண், நீங்கள் சொல்வது கனமான வாதம். சரி, என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். திரவத்தை உடனே திடமாக்க வேண்டும், ஒழுகலை உடனே தடுக்க வேண்டும். ஆனால் காய்ந்து கிடக்கும் உபகரணங்கள், தடித்த கான்கிரீட் செல்கள், இவற்றை மூடி முத்திரையிட்டு விட்டுவிடலாம் அல்லவா? அவை எங்கும் ஓடிப்போகாது.

ஊற்றுக்கண்

அமெரிக்காவில் அணு ஆயுதத்துக்குப் புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்டு வளாகத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கே பியூரெக்ஸ் என்ற மறுசெயலாக்க ஆலையில் பழுதான பெரிய உபகரணங்களை ரயில் பெட்டிகளில் ஏற்றி, பக்கத்தில் மண் மூடிய சுரங்கத்துக்குள் தள்ளி வைத்துவிடுவார்கள். முதல் சுரங்கம் 1956இல் கட்டியது, மரச் சட்டங்கள் தாங்கிய கூரை. எட்டுப் பெட்டிகள் உள்ளே. காய்ந்த கழிவு, ஒழுகுவதற்கு ஒன்றுமில்லை. ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டு கழித்து, 2017 மே 9 அன்று சுரங்கத்தின் மேல் ஏறக்குறைய 6 மீட்டர் சதுரத்துக்கு மண் உள்வாங்கிக் குழி விழுந்திருப்பதைப் பார்த்தார்கள். மரம் உளுத்தது மட்டும் இல்லை, அரை நூற்றாண்டுக் காமாக் கதிர்வீச்சு மரத்தின் வலுவையே குறைத்துவிடும். நல்ல வேளையாகக் கதிரியக்கம் வெளியே பரவவில்லை. தொழிலாளர்களை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் மண் கொட்டி அடைத்தார்கள், பிறகு சுரங்கம் முழுக்கச் சிமென்ட் கூழ். 28 பெட்டிகள் இருந்த இரண்டாவது, பெரிய சுரங்கத்தையும் அடுத்து அதே மாதிரி நிரப்ப வேண்டி வந்தது.

இப்போது அந்தப் பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டுமானால் கதிரியக்கம் கலந்த சிமென்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கனல்

நானும் ஒன்று சேர்க்கிறேன். நிதானம் கட்டடத்தின் ஆயுளைக் கணக்கில் எடுக்கிறார், ஆட்களை எடுக்கவில்லை. எந்த வால்வு வரைபடத்தில் ஒரு மாதிரியும் நேரில் வேறு மாதிரியும் இருக்கிறது, எந்தச் செல்லில் எப்போது அமிலம் கொட்டியது, இதெல்லாம் ஆலையை இயக்கியவர்களின் தலையில் இருக்கும். ஆலை நின்ற சில ஆண்டுகளில் அவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்கள். நின்ற உடனே, குழாய்களும் ஆவியாக்கிகளும் வேலை செய்யும் நிலையில் இருக்கும்போதே, நைட்ரிக் அமிலம் விட்டு மறுபடி மறுபடி அலசி, அலசிய தண்ணீரையும் கண்ணாடியாக்கத்துக்கே அனுப்பிவிட வேண்டும். ஆவியாக்கி துருப்பிடித்த பிறகு அலசல் தண்ணீரே புதிய கழிவாகிவிடும், அதைக் குறுக்க வழி இருக்காது.

செல்லாஃபீல்டின் தார்ப் ஆலையில் 2005இல் நடந்ததைப் பாருங்கள். அது மூடிய ஆலை இல்லை, ஓடிக்கொண்டிருந்த ஆலை, நவீன ஆலை. ஒரு குழாய் உடைந்து 83 கன மீட்டர் கரைசல் செல்லுக்குள் கொட்டியிருக்கிறது, மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. ஸ்டெயின்லெஸ் வரிசையிட்ட செல் என்பதால் வெளியே போகவில்லை. ஆட்கள் நிறைந்திருந்த இடத்திலேயே இப்படி என்றால், பராமரிப்புக்கு நாலு பேர் மட்டும் வரும் மூடிய கட்டடத்தில் எவ்வளவு நாள் கழித்துத் தெரியும்?

கணக்கர்

சரி, கண்ணாடி ஆயிற்று. அந்த 275 கலன்கள் இப்போது எங்கே?

கனல்

அங்கேயேதான். முதலில் பழைய ஆலையின் வேதிச் செல் ஒன்றையே காலி செய்து, சுத்தப்படுத்தி, அதில் அடுக்கினார்கள். பிறகு அந்தக் கட்டடத்தையே இடிக்க வேண்டும் என்பதால் கலன்களைத் தடித்த கான்கிரீட் பெட்டகங்களில் மாற்றி, திறந்தவெளித் தளத்தில் நிறுத்தினார்கள். அந்த மாற்றம் 2016இல் முடிந்தது.

போக இடமில்லை என்பதற்குச் சட்டச் சிக்கலும் ஒரு காரணம். நெவாடாவில் யக்கா மலைக்குள் புதைகுழி அமைக்கும் திட்டம் நின்றுவிட்டது. நியூ மெக்சிகோவில் உப்புப் பாறைக்குள் இயங்கும் விப் புதைகுழி ராணுவ அணுத் திட்டங்கள் சார்ந்த, புளூட்டோனியம் மாதிரிக் கனத் தனிமங்கள் கலந்த கழிவுக்கு மட்டும் என்று 1992 சட்டம் சொல்கிறது, உயர்நிலைக் கழிவு அங்கே போகவே முடியாது. வெஸ்ட் வேலி வணிக ஆலை. ஆனால் அங்கே கரைத்த எரிபொருளில் ஏறத்தாழ 60 சதவீதம் ஹான்ஃபோர்டின் என் உலையிலிருந்து வந்தது, அதாவது ஆயுதத் திட்டத்தின் உலை. அப்படியானால் இது யார் கழிவு என்ற சர்ச்சை நெடுங்காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

நிதானம் முன்பு கேட்டாரே, எங்கே அடுக்குவது என்று. கான்கிரீட் பெட்டகத்தில் நிற்கும் கண்ணாடிக் கலனுக்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், காற்றே குளிர்வித்துவிடும். புதைகுழி வர இன்னும் 50 ஆண்டு ஆனாலும் நான் அந்தத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கச் சம்மதிப்பேன். திரவத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வருடம்கூட மாட்டேன்.

வேதிமாணவி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கண்ணாடியாக்கம் முடிந்த பிறகு அந்தக் கார்பன் எஃகுத் தொட்டிகள் சுத்தமாகக் காலியா?

கனல்

இல்லை. அடிப்பிடித்த பாத்திரம் மாதிரிதான், பெரும்பகுதி முதலிலேயே வந்துவிடும், கடைசிப் படலம் விடாது. உள்ளே தாங்குதூண்களும் குறுக்குச் சட்டங்களும் நிறைய இருப்பதால் நீர்ப்பீச்சு எல்லா மூலைக்கும் எட்டாது. மிஞ்சிய ஈரம் எஃகை அரிக்காமல் இருக்க, வெதுவெதுப்பான உலர் காற்று செலுத்தி உலர்த்தும் அமைப்பை 2010 வாக்கில் பொருத்தினார்கள். தொட்டிகளைத் தோண்டி எடுப்பதா, சிமென்ட் கூழ் நிரப்பி அங்கேயே விடுவதா என்பதைக் கலைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்ட முடிவுக்குத் தள்ளிவைத்தார்கள்.

நிதானம்

இந்த இடத்தில் நான் சிமென்ட் கூழ் பக்கம். ஒரு படலத்துக்காக அவ்வளவு பெரிய தொட்டியைத் தோண்டினால் தொழிலாளர்கள்தான் கதிர்வீச்சை வாங்கிக்கொள்வார்கள். அடியில் இருப்பதில் பெரும்பகுதி சீசியமும் ஸ்ட்ரான்சியமும் என்றால் 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சிமென்ட் அவ்வளவு காலம் தாங்கும்.

ஊற்றுக்கண்

சீசியம், ஸ்ட்ரான்சியம் மட்டும் என்றால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். கசடில் புளூட்டோனியமும் அமெரிசியமும் இருக்கின்றன. அந்த நிலம் பனியாறு விட்டுப்போன இளம் மண், ஓடைகள் இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டிருக்கின்றன, கரைகள் சரிகின்றன. சிமென்ட் தாங்குமா என்பது என் கேள்வி இல்லை, அதைச் சுற்றியுள்ள மேடு நிற்குமா என்பதுதான். ஆயிரம் ஆண்டுக்கு அரிப்பு எவ்வளவு என்று மாதிரிக் கணக்குப் போட்டால், கனமழையின் அளவை எவ்வளவு என்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து விடை பெரிதாக மாறுகிறது. தொட்டி உலர்ந்து கிடக்கிறது, ஆகவே அவசரம் இல்லை. கூழை ஊற்றிவிட்டால் ஹான்ஃபோர்டு சுரங்கம் மாதிரி அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஓடைக் கரையை இன்னும் சில ஆண்டுகள் அளந்து பார்த்துவிட்டு ஊற்றட்டும், அல்லது தோண்டட்டும். முடிவெடுக்கும் மேசையில் கேட்டராகஸ் ஓடைக்கரை மக்களுக்கும் நாற்காலி போடட்டும்.